செமிகண்டக்டர் இடிஎஃப்: உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குதல்

2024 ஜனவரியில் இரண்டு பேர் அமெரிக்கச் சந்தையில் செமிகண்டக்டர் இடிஎஃப் (பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வாங்கியது வான்எக் நிறுவனத்தின் எஸ்எம்எச். இன்னொருவர் வாங்கியது ஐஷேர்ஸின் எஸ்ஓஎக்ஸ்எக்ஸ். இரண்டின் பெயரிலும் செமிகண்டக்டர் இருக்கிறது. இரண்டும் சிப் நிறுவனங்களை மட்டுமே வைத்திருக்கின்றன. ஆண்டுச் செலவும் 0.35 சதவீதத்தை ஒட்டி ஏறக்குறைய ஒன்றுதான். டிசம்பர் முடிவில் முதலாமவரின் பணம் சுமார் 39 சதவீதம் வளர்ந்திருந்தது. இரண்டாமவருக்குக் கிடைத்தது சுமார் 13 சதவீதம்.

திறமையான மேலாளர், சோம்பலான மேலாளர் என்ற கதை இதில் கிடையாது. இரண்டுமே ஒரு குறியீட்டை அப்படியே பின்தொடரும் ஃபண்டுகள். வித்தியாசம் முழுக்க எடைக் கணக்கில் இருந்தது. வான்எக் ஃபண்டு சுமார் 25 நிறுவனங்களை வைத்திருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு 20 சதவீதம் வரை இடம் கொடுக்கிறது. ஐஷேர்ஸ் ஃபண்டில் 30 நிறுவனங்கள். எடையைச் சீரமைக்கும்போது முதல் ஐந்துக்கு ஆளுக்கு 8 சதவீதம், மற்றவற்றுக்கு 4 சதவீதம் என்று உச்சவரம்பு. அந்த ஆண்டு என்விடியா பங்கு 171 சதவீதம் ஏறியது, இன்டெல் ஏறக்குறைய 60 சதவீதம் விழுந்தது. என்விடியாவை ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்தவருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வைத்திருந்தவருக்கும் ஒரே பலன் எப்படிக் கிடைக்கும்?

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் வான்எக்தான் நல்லது' என்று முடிவுகட்ட வேண்டாம். என்விடியா சரியும் ஆண்டில் இதே கணக்கு அப்படியே திரும்பி நிற்கும். இந்த அத்தியாயம் கேட்பது ஒன்றைத்தான்: வாங்கு பட்டனைத் தொடுமுன் ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், அது வைத்திருக்கும் பங்குகளின் பட்டியலைத் திறந்து, முதல் பத்துப் பெயர்களையும் அவற்றின் சதவீதத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் தினமும் புதுப்பிக்கப்படுகிறது, இலவசம். முதல் பத்தைக் கூட்டிப் பாருங்கள். பாதியைத் தாண்டினால், நீங்கள் வாங்குவது ஒரு துறையை என்பதைவிடப் பத்து நிறுவனங்களை என்பதுதான் உண்மை.

பட்டியலில் இருப்பவர்கள்

அந்தப் பத்துப் பெயர்களும் ஒரே தொழில் செய்பவை அல்ல. என்விடியா, ஏஎம்டி, பிராட்காம், குவால்காம் ஆகியவை சிப்பை வடிவமைக்கின்றன. உற்பத்திக்குப் பெரும்பாலும் சொந்தத் தொழிற்சாலை நடத்துவதில்லை. வடிவத்தை வாங்கிச் செய்துகொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. 1987-இல் மோரிஸ் சாங் தொடங்கிய இந்த நிறுவனம் சொந்தப் பெயரில் ஒரு சிப்பைக்கூட விற்பதில்லை. பிறருக்குச் செய்துகொடுப்பது மட்டும்தான் வேலை. அதனாலேயே ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான என்விடியாவும் ஏஎம்டியும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கின்றன. இன்டெலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் வடிவமைப்பு, உற்பத்தி இரண்டையும் தாமே செய்யும் பழைய வழியைச் சேர்ந்தவை. மைக்ரான் மெமரி சிப் செய்கிறது.

இவர்களுக்கெல்லாம் எந்திரம் விற்பவர்கள் தனி வகை. அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச், கேஎல்ஏ என்று அமெரிக்க நிறுவனங்கள் மூன்று. நெதர்லாந்தின் வெல்ட்ஹோவன் ஊரிலிருந்து ஏஎஸ்எம்எல். மிக நுண்ணிய சிப்களை அச்சிட 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். உருகிய வெள்ளீயத் துளிகளை வெற்றிடத்தில் விழவிட்டு, ஒவ்வொரு துளியையும் லேசரால் அடித்து அந்த ஒளியை உண்டாக்குகிறார்கள். ஒரு நொடிக்கு 50,000 துளிகள். இந்த எந்திரத்தை உலகில் செய்து விற்பது ஏஎஸ்எம்எல் மட்டுமே. அதற்குப் போட்டியாளர் இல்லை என்பது உண்மை. ஆனால் வாடிக்கையாளர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. டிஎஸ்எம்சி, சாம்சங், இன்டெல் ஆகியவற்றில் ஒன்று புதுத் தொழிற்சாலைத் திட்டத்தை ஓராண்டு தள்ளிப்போட்டால், வெல்ட்ஹோவனில் ஆர்டர் புத்தகம் மெலிந்துவிடும். பட்டியலில் 25 பெயர் இருப்பதால் ஆபத்து 25 இடத்தில் பரவிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்தச் சங்கிலியைக் கவனிக்க வேண்டும். ஒருவருடைய செலவுதான் அடுத்தவருடைய வருமானம்.

பட்டியலில் இல்லாதவர்களையும் பாருங்கள். மெமரி சிப்பில் உலகின் மூன்று பெரிய நிறுவனங்களில் இரண்டு, சாம்சங்கும் எஸ்கே ஹைனிக்ஸும், கொரியச் சந்தையில் வர்த்தகமாகின்றன. அமெரிக்கச் சந்தையின் பங்குகளை மட்டும் எடுக்கும் மேற்கண்ட இரண்டு ஃபண்டுகளிலும் அவற்றுக்கு இடமில்லாமல் போனது அதனால்தான். செயற்கை நுண்ணறிவுக்கான என்விடியா சிப்களின் பக்கத்தில் உட்காரும் அதிவேக மெமரியை அதிகம் விற்றுவந்திருப்பது எஸ்கே ஹைனிக்ஸ். 'உலகச் சிப் தொழில் முழுவதும் என் கையில்' என்ற நினைப்போடு வாங்குபவருக்கு இந்த ஓட்டை தெரிந்திருப்பது நல்லது. டிஎஸ்எம்சிக்கும்கூட இரண்டு ஃபண்டிலும் ஒரே மரியாதை இல்லை. ஐஷேர்ஸ் பின்தொடரும் குறியீடு, அமெரிக்காவில் ஏடிஆர் வடிவில் வர்த்தகமாகும் வெளிநாட்டு நிறுவனங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 10 சதவீதத்துக்குள் அடக்கிவிடுகிறது. வான்எக்கில் டிஎஸ்எம்சி ஒன்று மட்டுமே அந்த அளவை எட்டும்.

ஏற்றமும் இறக்கமும்

தக்காளி கிலோ 100 ரூபாய் விற்கும் பருவத்தில் ஊரே தக்காளி நடும். காய் சந்தைக்கு வரும் நாளில் விலை சரிந்து கிடக்க, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டில் கொட்டுவார்கள். மெமரி சிப் தொழில் இதே தாளத்தில் நடக்கிறது. தொழிற்சாலை கட்ட இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதால், நல்ல விலைக் காலத்தில் எடுத்த முடிவின் சரக்கு, விலை சரியும் காலத்தில் வந்து சேர்கிறது. மைக்ரானின் கணக்கைப் பாருங்கள்: 2022 நிதியாண்டில் சுமார் 3,080 கோடி டாலர் விற்பனை, 2023-இல் 1,550 கோடி. ஒரே ஆண்டில் பாதி. 2025 நிதியாண்டில் மறுபடி 3,700 கோடியைத் தாண்டிவிட்டது. தட்டுமுட்டுச் சாமான் விற்கும் கடைக்கே இப்படி ஓர் ஆண்டு வந்தால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். இந்தத் தொழிலில் இது வாடிக்கை.

புதியவர்களை அதிகம் குழப்புவது இதற்கு அடுத்த விஷயம். உலக சிப் விற்பனை 2022-இல் முந்தைய ஆண்டைவிட 3 சதவீதம் கூடி, சுமார் 57,400 கோடி டாலரைத் தொட்டது. அதே ஆண்டு வான்எக் ஃபண்டு மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. 2023-இல் விற்பனை 8 சதவீதம் குறைந்து சுமார் 52,700 கோடிக்கு வந்தது. அந்த ஆண்டு ஃபண்டு 70 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. செய்தித்தாளில் 'சிப் விற்பனை சாதனை' என்று படித்து வாங்குபவரும், 'சிப் துறையில் மந்தம்' என்று படித்து விற்பவரும் பெரும்பாலும் நேர்மாறான திசையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். விலை அடுத்த ஆண்டைப் பார்த்து நகர்கிறது. செய்தி போன காலாண்டைச் சொல்கிறது.

துறையின் நாடியைப் பிடித்துப் பார்க்க விரும்புவோருக்கு இலவசமான இரண்டு தகவல்கள் உண்டு. டிஎஸ்எம்சி ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி வாக்கில் முந்தைய மாத வருமானத்தை வெளியிடுகிறது. கொரியச் சுங்கத்துறை மாதத்தின் முதல் 20 நாள் ஏற்றுமதிக் கணக்கை 21-ஆம் தேதி வாக்கில் வெளியிடுகிறது, அதில் செமிகண்டக்டருக்குத் தனி வரி உண்டு. பெரிய ஃபண்டுகளின் ஆய்வாளர்களும் இதையேதான் பார்க்கிறார்கள். அதனால் இதை வைத்து அவர்களை முந்தலாம் என்று கிளம்ப வேண்டாம். துறையைப் புரிந்துகொள்ளப் பயன்படும், அவ்வளவுதான்.

பெரிய சரிவு எப்படி இருக்கும்? பிலடெல்பியா செமிகண்டக்டர் குறியீடு 1993 முதல் இருக்கிறது. 2000 மார்ச்சில் உச்சம் தொட்டது. 2002 அக்டோபருக்குள் 80 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. சரி, அடிமட்டம் வந்துவிட்டது என்று அப்போது வாங்கியவர்களையும் 2008 விடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் குறியீடு 2002-இன் அடிமட்டத்துக்கும் கீழே போனது. பழைய உச்சத்தைத் தாண்ட 2018 ஆயிற்று. இத்தனைக்கும் இடைப்பட்ட அந்த 18 ஆண்டுகளில்தான் செல்போன் எல்லார் கைக்கும் வந்தது. தொழில் வளர்ந்தது என்னவோ நிஜம்; 2000-இல் கொடுத்த விலைதான் தாங்கவில்லை. இன்றைய எஸ்எம்எச் ஃபண்டின் முன்னோடி, மெரில் லிஞ்ச் கொண்டுவந்த ஹோல்டர்ஸ் என்ற வடிவம், சந்தைக்கு வந்தது 2000 மே மாதம். உச்சம் கடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு துறைக்கான ஃபண்டை, அந்தத் துறையைப் பற்றி டீக்கடையிலும் பேசத் தொடங்கியபிறகுதான் யாரும் உருவாக்கி விற்கிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

எவ்வளவு வாங்கலாம்?

எந்த ஃபண்டு என்ற கேள்விக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தாலே போதும். முதலில் ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாஸ்டாக் 100 ஃபண்டு வைத்திருக்கிறீர்களா? அதில் என்விடியா, பிராட்காம், ஏஎம்டி, மைக்ரான், குவால்காம், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் என்று சிப் கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. எஸ் அண்ட் பி 500 ஃபண்டிலும் என்விடியா முன்வரிசையில் இருக்கிறது. இதற்கு மேல் சிப் இடிஎஃப் வாங்குவது புதிதாக ஒன்றைச் சேர்ப்பதாகாது, இருப்பதையே இன்னும் கனமாக்குவதாகும். அது தெரிந்து செய்தால் தவறில்லை.

மொத்தப் பங்கு முதலீட்டில் 5 சதவீதம் என்பது புதியவருக்கு நான் சொல்லும் அளவு. மறைமுகமாக வைத்திருப்பதையும் சேர்த்து 10-ஐத் தாண்டவிடாதீர்கள். கணக்கு எளிது: 5 சதவீதம் வைத்தவருக்கு 2000-இன் சரிவு மறுபடி வந்தாலும் மொத்தத்தில் 4 சதவீதம்தான் போகும், தூக்கம் போகாது. 40 சதவீதம் வைத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏறும்போது 5 சதவீதம் தானாகவே 9, 10 ஆகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தேதி வைத்துக்கொண்டு அதிகமானதை விற்றுப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பெண் கல்யாணத்துக்கோ வீட்டு முன்பணத்துக்கோ ஒதுக்கிய பணம் இந்தப் பக்கமே வரக்கூடாது.

'இவ்வளவு யோசிப்பதற்கு என்விடியாவையே நேராக வாங்கிவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. 2000-இல் இதே கேள்வியில் இருந்த பெயர் இன்டெல். 2024 நவம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து இன்டெலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்விடியாவை உட்காரவைத்தார்கள். துறை நிலைத்திருக்கும், அதன் ராஜா மாறுவார் என்று நம்புபவருக்கு ஃபண்டு பொருந்தும். 2025 ஜனவரி 27 அன்று, சீனாவின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்சீக் பற்றிய பரபரப்பில் என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்து, 60,000 கோடி டாலரை ஒட்டிய சந்தை மதிப்பை இழந்தது. ஃபண்டு வைத்திருந்தவர்களும் அன்று அடிவாங்கினார்கள், ஆனால் ஏறக்குறைய பாதி அளவில்.

மூன்று மடங்கு இடிஎஃப் என்று விற்கப்படும் எஸ்ஓஎக்ஸ்எல் போன்றவற்றை விட்டுவிடுங்கள். அவை ஒவ்வொரு நாளின் நகர்வையும் மூன்றால் பெருக்குபவை. குறியீடு 100-இலிருந்து 10 சதவீதம் விழுந்து 90 ஆகிறது, மறுநாள் 11.1 சதவீதம் ஏறி 100-க்குத் திரும்புகிறது. மூன்று மடங்கு ஃபண்டோ 100-இலிருந்து 70-க்குப் போய், 33.3 சதவீதம் ஏறி 93-இல் நிற்கும். குறியீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, உங்கள் பணத்தில் 7 ரூபாய் காணோம். சிப் துறையில் இப்படிப்பட்ட ஏற்ற இறக்க நாட்கள் நிறைய வரும்: 2025 ஏப்ரலில் இறக்குமதி வரிச் செய்திகளால் பிலடெல்பியா குறியீடு ஒரு நாள் 10 சதவீதத்தை ஒட்டி விழுந்தது, அடுத்த சில நாட்களிலேயே ஒரே அமர்வில் 18 சதவீதத்துக்கும் மேல் எழுந்தது.

இந்தியாவிலிருந்து வாங்குவது

நேரடி வழி, ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின்கீழ் டாலராக அனுப்பி வெளிநாட்டு ப்ரோக்கர் கணக்கில் வாங்குவது. ஓர் ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதி. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்படும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே பிடிப்பார்கள். இது தனி வரி அல்ல, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். வங்கிக் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். 10,000 ரூபாய் அனுப்ப 500 ரூபாய் கட்டணம் என்றால் தொடக்கத்திலேயே 5 சதவீதம் நஷ்டம். மாதாமாதம் அனுப்பாமல் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புவது இங்கே புத்திசாலித்தனம். பெரிய தொகை வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவில் பதிவான ஃபண்டை வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால், 60,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு அமெரிக்கா 40 சதவீதம் வரை வாரிசு வரி கேட்கலாம். இதைத் தவிர்க்க விரும்புவோர் அயர்லாந்தில் பதிவாகி லண்டனில் வர்த்தகமாகும் வான்எக் ஃபண்டைத் தேடுவதுண்டு.

ரூபாயிலேயே வாங்கும் வழி, இந்தியச் சந்தையில் உள்ள நாஸ்டாக் 100 போன்ற இடிஎஃப்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் என்றும், வெளிநாட்டு இடிஎஃப்களுக்குத் தனியாக 100 கோடி டாலர் என்றும் உச்சவரம்பு உண்டு. 2022 தொடக்கத்தில் வரம்பு நெருங்கிவிட்டதால் புது யூனிட்டுகள் உருவாக்குவது தடைப்பட்டது. வாங்க ஆள் இருக்கிறது, யூனிட் இல்லை. ஆகவே விலை உள்மதிப்பைவிட மேலே போய் நிற்கும். அந்த உள்மதிப்பைக் காட்ட, திரையில் ஐஎன்ஏவி என்று ஒரு எண் ஓடும். அது 100 என்று இருக்க, விலை 115 என்று இருந்தால், 15 ரூபாயை நீங்கள் எதற்கும் இல்லாமல் கொடுக்கிறீர்கள். வரம்பைத் தளர்த்திவிட்டால் அந்த 15 ஒரே வாரத்தில் ஆவியாகலாம். வாங்கும் நாளில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

'இந்திய சிப் பங்கு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் வேறு கதை. தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து குஜராத்தின் தோலேராவில் தொழிற்சாலை கட்டுவது டாடா எலக்ட்ரானிக்ஸ். அது சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். டாடா பெயருள்ள வேறொரு பங்கை வாங்கினால் அந்தத் தொழிற்சாலை உங்களுக்கு வந்துவிடாது.

ஆர்டர் போடும் இரவு பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கச் சந்தை நமக்குக் கோடையில் இரவு 7 மணிக்கும், அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் திறக்கும். முதல் கால் மணி நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம், காத்திருங்கள். மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

வரி: நேரடியாக வாங்கிய அமெரிக்க இடிஎஃப்பை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்குப்படி. உள்நாட்டுப் பங்குகளுக்கு உள்ள 1.25 லட்சம் ரூபாய் விலக்கு இதற்குக் கிடையாது. லாபத்தை ரூபாயில் கணக்கிடுவதால், டாலர் ஏறியதால் வந்த பகுதிக்கும் வரி உண்டு. டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும், இங்கே கணக்கில் அதற்கு ஈடு கேட்கலாம். ஒரே ஒரு யூனிட் வைத்திருந்தாலும், ஒரு ரூபாய் லாபம் எடுக்காவிட்டாலும், ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பியாக வேண்டும். அந்த அட்டவணை கேட்பது நம் நிதியாண்டுக் கணக்கை அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கை; அதில் அந்த ஆண்டின் உச்ச மதிப்பும் வேண்டும். ப்ரோக்கரின் தளத்திலிருந்து அந்த அறிக்கையை ஜனவரியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், ஜூலையில் ஆடிட்டர் கேட்கும்போது பழைய மெயில்களைக் கிளற வேண்டியிருக்காது.